குரங்குகள் ஏன் பேன் பார்க்கின்றன? உறவுக்குச் செலவாகும் நேரம் பற்றிய ஓர் எளிய விளக்கம்

தமிழ்நாட்டின் மலைக்கோயில் படிக்கட்டுகளிலும் சாலையோரப் புளியமரங்களிலும் வாழும் நாட்டுக்குரங்குகளைச் சிறிது நேரம் நின்று கவனித்தவர்கள் ஒரு காட்சியைத் தவறாமல் கண்டிருப்பார்கள். ஒரு குரங்கு உடலைத் தளர்த்தி, கண்களைப் பாதி மூடிப் படுத்திருக்கும். மற்றொன்று அதனருகில் அமர்ந்து, இரு கைகளாலும் அதன் மயிரை வகிர்ந்து, எதையோ விரல்நுனியால் எடுத்து வாயில் போட்டுக்கொண்டிருக்கும். பேன் பார்ப்பது என்று நாம் சொல்லும் இந்தச் செயல், விலங்கு நடத்தை அறிவியலில் சமூகக் கோதல் என்னும் பெரிய வகையைச் சேர்ந்தது. ஒரு விலங்கு தன் இனத்தைச் சேர்ந்த இன்னொன்றின் மயிரையோ இறகையோ தோலையோ நீவியும் நக்கியும் கோதியும் பேணுவதே சமூகக் கோதல். தவிட்டுக்குருவிகள் ஒரே கிளையில் ஒட்டி அமர்ந்து ஒன்றன் கழுத்திறகை மற்றொன்று கோதுவதும், குதிரைகள் எதிரெதிராக நின்று ஒன்றன் பிடரியை மற்றொன்று பல்லால் சொறிந்துவிடுவதும் இதில் அடங்கும்.

மனிதரின் நலத்தைப் பற்றி, குறிப்பாக நம் காலத்தின் தனிமையைப் பற்றிப் புரிந்துகொள்ள விரும்புபவர்களுக்கு இந்தக் கருத்தைவிடத் தெளிவான ஒரு தொடக்கம் இல்லை என்று நான் நம்புகிறேன். உறவு என்பது மனத்தில் இருக்கும் அன்பு மட்டுமன்று, அதற்கென்று உடலோடு செலவிடப்படும் நேரமும்கூட என்பதைக் குரங்குகளைப் பல பத்தாண்டுகளாக ஆராய்ந்தவர்கள் அளந்தே காட்டியிருக்கிறார்கள்.

முதலில் சுத்தத்தைப் பார்ப்போம், ஏனெனில் அதுவும் பொய்யான காரணம் அன்று. ஜப்பானிய மக்காக் குரங்குகளை நுணுக்கமாகக் கவனித்து 1993-இல் வெளியான ஓர் ஆய்வு, அவை மயிரிலிருந்து எடுத்து உண்பவற்றில் பெரும்பகுதி பேன் முட்டைகளே, அதாவது ஈர்களே, என்று கண்டறிந்தது. கென்யாவின் அம்போசெலி சமவெளியில் வாழும் பபூன் குரங்குகளில், பிறரால் அதிகமாகக் கோதிவிடப்படுபவற்றின் உடலில் உண்ணிகள் குறைவாக இருக்கின்றன. தன் முதுகையும் பின்கழுத்தையும் தானே பார்த்துக்கொள்ள முடியாத ஒரு விலங்குக்கு இது பெரிய உதவிதான்.

ஆனால் சுத்தம் மட்டுமே நோக்கமாக இருந்தால், பெரிய உடல் கொண்ட குரங்கினம் அதிக நேரமும் சிறிய உடல் கொண்டது குறைந்த நேரமும் கோதுதலுக்குச் செலவிட வேண்டும். பிரிட்டிஷ் ஆய்வாளர் ராபின் டன்பார் 1991-இல் பல குரங்கினங்களின் தரவுகளை ஒப்பிட்டபோது, ஆப்பிரிக்காவிலும் ஆசியாவிலும் வாழும் குரங்குகளில் இந்தக் கணக்கு பொருந்தவில்லை. அவற்றில் கோதும் நேரம் உடலின் அளவைப் பொறுத்து அல்லாமல் கூட்டத்தின் அளவைப் பொறுத்தே கூடியது. எத்தியோப்பிய மலைப்புல்வெளிகளில் பெருங்கூட்டமாக வாழும் கெலாடா குரங்குகள் போன்றவை பகல் நேரத்தில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு வரை இதற்காகச் செலவிடுகின்றன. உண்ணிகளை எடுக்க அவ்வளவு நேரம் தேவையில்லை.

இந்த ஐந்தில் ஒரு பங்கு எவ்வளவு பெரிய செலவு என்பதை உணர, ஒரு குரங்கின் நாளை எண்ணிப் பார்க்க வேண்டும். பகல் வெளிச்சம் இருக்கும் ஏறத்தாழ பன்னிரண்டு மணி நேரத்துக்குள் அது இரை தேட வேண்டும், உண்ண வேண்டும், ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்கு நடக்க வேண்டும், உண்டதைச் செரிக்க ஓய்ந்திருக்க வேண்டும். இவற்றில் எதையும் பெரிதாகக் குறைத்துக்கொள்ள முடியாது. ஆய்வாளர்கள் இதை நேர வரவுசெலவு என்கிறார்கள். ஒரு விலங்கு இவ்வளவு இறுக்கமான வரவுசெலவிலிருந்து தினமும் இரண்டு மணி நேரத்தை எடுத்து இன்னொன்றின் மயிரை வகிர்ந்துகொண்டிருக்கிறது என்றால், அந்த நேரத்துக்கு ஈடாக அது பெறுவது மிகவும் மதிப்புள்ளதாக இருந்தாக வேண்டும்.

அது பெறுவதில் ஒரு பகுதி உடலுக்குள்ளேயே நிகழ்கிறது. ஆப்பிரிக்காவின் சிறிய தலாபாயின் குரங்குகளை வைத்து 1989-இல் வெளியான ஆய்வொன்றில், கோதிவிடப்பட்ட குரங்குகளின் மூளைத் தண்டுவட நீரில் எண்டார்பின் அளவு உயர்ந்திருந்தது தெரியவந்தது. எண்டார்பின் என்பது வலியைத் தணித்து இதமான நிறைவைத் தருவதற்காக உடல் தானே சுரக்கும் பொருள். பிரான்சின் கமார்க் பகுதிக் குதிரைகளில், அவை வழக்கமாக ஒன்றையொன்று சொறிந்துகொள்ளும் பிடரியின் அடிப்பகுதியை மனிதர் கையால் சொறிந்துவிட்டபோதே இதயத்துடிப்பு குறைந்தது. உடலின் வேறு இடத்தைச் சொறிந்தபோது அவ்வாறு குறையவில்லை. உகாண்டாவின் புடோங்கோ காட்டில் சிம்பன்சிகளின் சிறுநீரைச் சேகரித்து ஆராய்ந்தவர்கள் இன்னும் நுட்பமான ஒன்றைக் கண்டார்கள். பிணைப்போடு தொடர்புடைய ஆக்சிடோசின் என்னும் சுரப்பு, நெருங்கிய துணையோடு கோதிக்கொண்ட பிறகு உயர்ந்தது. பழக்கம் குறைந்த சிம்பன்சியோடு கோதிக்கொண்டபோது அந்த அளவுக்கு உயரவில்லை. ஆகவே, கை படுவது மட்டும் போதாது, யாருடைய கை என்பதும் உடலுக்குத் தெரிகிறது.

நம் தோலிலும் இதற்கான நரம்புகள் உள்ளன. மயிருள்ள தோலில் பரவியிருக்கும் ஒருவகை மெல்லிய நரம்பிழைகள், விநாடிக்கு ஒன்று முதல் பத்து செண்டிமீட்டர் வரையான மெதுவான வேகத்தில், மனிதத் தோலின் இளஞ்சூட்டோடு நீவப்படும்போதுதான் மிகுதியாகத் தூண்டப்படுகின்றன. குழந்தையைத் தூங்க வைக்கும் தாய் அதன் முதுகை நீவும் வேகமும், எண்ணெய் தேய்த்துத் தலை வாரிவிடும் பாட்டியின் கை நகரும் வேகமும் ஏறக்குறைய அதுவே. வேகமாகத் தேய்த்தாலும் அசையாமல் அழுத்தினாலும் இந்த நரம்புகள் அந்த அளவுக்கு எதிர்வினை தருவதில்லை. அவசரமில்லாத தொடுகையைத் தனியாக இனங்காணும் ஏற்பாடு ஒன்று நம் உடலிலேயே அமைந்திருக்கிறது என்பது எனக்கு இந்தத் துறையின் மிக அழகான கண்டுபிடிப்புகளில் ஒன்றாகத் தோன்றுகிறது.

உடலின் இதத்தைத் தாண்டி, கோதுதல் உறவுகளைக் கட்டுகிறது. ராபர்ட் சேஃபார்த், டோரதி செனி ஆகிய இருவரும் அம்போசெலியில் வெர்வெட் குரங்குகளிடம் செய்த சோதனை 1984-இல் வெளியானது. ஒரு குரங்கு சண்டையில் உதவி கேட்டு எழுப்பும் குரலைப் பதிவு செய்து, மறைத்து வைத்த ஒலிபெருக்கி மூலம் மற்றொரு குரங்குக்குக் கேட்கச் செய்தார்கள். இரத்த உறவில்லாத குரங்குகளுக்கிடையே, சற்று முன்பு தன்னைக் கோதிவிட்ட குரங்கின் குரல் என்றால், கேட்ட குரங்கு அந்தத் திசையை அதிக நேரம் உற்றுப் பார்த்தது. கோதிவிட்டவரின் துன்பம் கவனத்துக்குரியதாகிவிடுகிறது. இத்தகைய பிணைப்புகள் உயிரையே காக்கும் அளவுக்கு ஆழமானவை. 1971 முதல் தொடர்ந்து கவனிக்கப்பட்டுவரும் அம்போசெலி பபூன்களின் பதிவுகளை ஆராய்ந்து ஜோன் சில்க் குழுவினர் 2003-இல் வெளியிட்ட முடிவின்படி, கூட்டத்தில் மற்றவர்களோடு மிகுதியாகப் பழகிய பெண் பபூன்களின் குட்டிகளே ஓராண்டைத் தாண்டி உயிர்வாழும் வாய்ப்பை அதிகம் பெற்றிருந்தன. போட்ஸ்வானாவின் மொரேமி பகுதிப் பபூன்களில், வலுவான, நிலையான உறவுகள் கொண்ட பெண் குரங்குகள் தாமே அதிக ஆண்டுகள் வாழ்ந்ததை அதே ஆய்வாளர் 2010-இல் காட்டினார்.

மொரேமியில் நடந்த இன்னொரு நிகழ்வு என்னை மிகவும் பாதித்தது. அங்கே கூட்டத்தின் உயர்நிலையில் இருந்த, மற்ற பெண்களை அண்டவிடாத சில்வியா என்ற பெண் பபூன், தன் நெருங்கிய துணையாக இருந்த மகளைச் சிங்கத்துக்குப் பறிகொடுத்தது. நெருங்கிய உறவை இழந்த பெண் பபூன்களின் சாணத்தில் மன அழுத்தச் சுரப்புகளின் அளவு உயர்ந்திருப்பதைக் கண்ட ஆய்வாளர்கள், அடுத்த மாதங்களில் அவை முன்பைவிட அதிகமான துணைகளோடு கோதிக்கொள்ளத் தொடங்கியதையும் பதிவு செய்தார்கள். சில்வியாவும் தன்னைவிட மிகத் தாழ்ந்த நிலையிலிருந்த பெண் குரங்குகளைத் தேடிச் சென்று கோதிவிட்டது. துக்கம் என்று நாம் சொல்வதை அது எப்படி உணர்ந்தது என்பதை நம்மால் அறிய முடியாது. ஆனால் அது தேடிய மருந்து என்னவென்று கண்ணால் காண முடிந்தது.

கோதிவிடப்படுபவர் மட்டுமே பயன் பெறுகிறார் என்று எண்ணிவிடக் கூடாது. ஜிப்ரால்டரில் வாழும் பார்பரி மக்காக் பெண் குரங்குகளைப் பற்றி 2007-இல் வெளியான ஆய்வில், மன அழுத்தச் சுரப்பு குறைவாக இருந்ததோடு தொடர்புடையதாகக் காணப்பட்டது மற்றவரைக் கோதிவிட்ட அளவே. தான் கோதிவிடப்பட்ட அளவு அன்று. முதியவரைப் பராமரிப்பதையும் நண்பரின் கதையைப் பொறுமையாகக் கேட்பதையும் வெறும் கடமையாகப் பார்ப்பவர்கள் இதைக் கருத்தில் கொள்ள வேண்டும்.

மனிதர்களிடம் மயிர் அடர்ந்த உடல் இல்லை. ஒவ்வொருவரையும் தனித்தனியாகக் கோதிவிடும் அளவுக்குச் சிறிய கூட்டங்களிலும் நாம் வாழ்வதில்லை. ஒரு கையால் ஒருவரை மட்டுமே கோத முடியும் என்பதால், கூட்டம் பெரிதாகும்போது வேறொரு வழி தேவைப்பட்டிருக்கும் என்பது டன்பாரின் கருத்து. பேச்சும், ஒன்றாகச் சிரிப்பதும், சேர்ந்து பாடுவதும் ஆடுவதும் தொலைவிலிருந்தே பலரை ஒரே நேரத்தில் கோதிவிடும் வழிகளாக வளர்ந்தன என்கிறார் அவர். சேர்ந்து சிரித்த பிறகு மனிதர்கள் வலியை அதிக நேரம் தாங்குகிறார்கள் என்று அவருடைய குழு 2012-இல் காட்டியது. எண்டார்பின் சுரந்ததன் அடையாளமாக அவர்கள் அதை எடுத்துக்கொள்கிறார்கள். மனிதரால் ஏறத்தாழ 150 பேரோடு மட்டுமே நிலையான உறவு பேண முடியும் என்ற அவருடைய புகழ்பெற்ற எண்ணை ஸ்வீடன் ஆய்வாளர்கள் 2021-இல் மறுத்தார்கள். அவ்வளவு துல்லியமான எண் எதையும் தரவுகள் தாங்காது என்பது அவர்கள் வாதம், அதில் நியாயம் இருக்கிறது. எண் எதுவாக இருந்தாலும், நேரம் அளவானது என்ற அடிப்படை மட்டும் மாறுவதில்லை.

நம் காலத்துக்கு மிகவும் பொருந்தும் சான்று, மனிதர்களோடு நெருங்கி வாழும் குரங்குகளிடமிருந்தே கிடைத்திருக்கிறது. மலேசியாவில் பத்துமலை முருகன் கோயில் வளாகம் உள்ளிட்ட கோலாலம்பூர்ப் பகுதிகளில் நீள்வால் குரங்குகளைக் கவனித்து 2019-இல் வெளியான ஆய்வு, மனிதர்களோடு அதிக நேரம் ஊடாடிய குரங்குகள் ஓய்வுக்கும் கோதுதலுக்கும் குறைவான நேரமே செலவிட்டதைக் கண்டது. சிம்லாவின் ரீசஸ் குரங்குகளிடமும் அதே ஆண்டில் இதையொத்த முடிவு கிடைத்தது. அங்கே, மனிதர்கள் என்ன செய்கிறார்கள் என்று அடிக்கடி பார்த்துக்கொண்டிருந்த குரங்குகள் மற்றவற்றைக் கோதிவிட்ட நேரம் குறைந்திருந்தது. இந்தக் குரங்குகளுக்குத் தங்கள் துணைகள் மீது வெறுப்பு எதுவும் தோன்றிவிடவில்லை. எப்போது தேங்காய் கிடைக்கும், எப்போது பிஸ்கட் பொட்டலம் பிரிக்கப்படும், எப்போது கல் பறந்து வரும் என்று சொல்ல முடியாத ஓர் இடத்தில், கண்ணை எடுக்காமல் இருப்பதுதான் அவற்றுக்கு ஆதாயமாக இருந்தது. அந்தக் கவனத்தின் விலையைக் கோதும் நேரம் கொடுத்தது.

எப்போது என்ன வரும் என்று தெரியாத ஒன்றை விடாமல் பார்த்துக்கொண்டிருக்கும் பழக்கம் இன்று நம் கைகளிலும் இருக்கிறது. கைப்பேசித் திரை நம் உறவுகளைக் கெடுக்கிறது என்ற பேச்சு பெரும்பாலும் ஒழுக்கக் குற்றச்சாட்டாகவே முடிகிறது. இளைஞர்களுக்கு அன்பில்லை, மரியாதையில்லை என்று பழி சொல்லப்படுகிறது. என் கருத்தில் அது தவறான நோயறிதல். அன்பு அப்படியே இருக்கிறது. பிளவுபடாத நேரம்தான் குறைந்திருக்கிறது. கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் முந்நூறுக்கும் மேற்பட்டவர்களைத் தங்கள் நண்பர்களோடும் குடும்பத்தோடும் உணவகத்தில் சாப்பிடச் செய்து, சிலரைக் கைப்பேசியை மேசையில் வைத்திருக்கவும் சிலரை எடுத்து வைத்துவிடவும் சொன்னார்கள். 2018-இல் வெளியான முடிவின்படி, கைப்பேசி மேசையில் இருந்தவர்கள் கவனம் அதிகமாகச் சிதறியதாகவும் அந்த வேளையைக் குறைவாக ரசித்ததாகவும் தெரிவித்தார்கள். வேறுபாடு மிகப் பெரியதன்று. ஆனால் அது ஒவ்வொரு வேளையும், ஒவ்வொரு நாளும் சேர்ந்துகொண்டே போகும் வேறுபாடு.

உடல் அருகில் இருந்தும் கவனம் இல்லாமல் போவதன் விளைவைக் குழந்தைகளிடம் தெளிவாகக் காணலாம். அமெரிக்க உளவியலாளர் எட்வர்ட் ட்ரானிக் 1970-களில் வடிவமைத்த சோதனையில், சில மாதக் குழந்தையோடு கொஞ்சிக்கொண்டிருந்த தாய் திடீரென முகத்தை அசைவின்றி வைத்துக்கொள்வார். குழந்தை முதலில் சிரித்தும் கையை நீட்டியும் தாயை மீட்க முயல்கிறது. பலிக்காதபோது முகத்தைத் திருப்பிக்கொள்கிறது, பிறகு அழுகிறது. சில நிமிடங்களே நீடிக்கும் சோதனை இது. தாய் அதே இடத்தில்தான் அமர்ந்திருக்கிறார். குழந்தைக்குத் தேவைப்பட்டது பதில்.

இங்கே ஒரு நியாயமான கேள்வி எழும். கைப்பேசியே இன்று பலருக்குக் கோதும் கையாகவும் இருக்கிறதல்லவா? சிங்கப்பூரிலோ துபாயிலோ வேலை செய்யும் மகனுக்கும் ஊரில் இருக்கும் தாய்க்கும் நடுவே வேறு என்ன பாலம் இருக்கிறது? இதற்கு விடை தரும் ஓர் ஆய்வை அமெரிக்காவின் விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் செய்தார்கள். ஏழு முதல் பன்னிரண்டு வயதுச் சிறுமிகளை முன்பின் தெரியாதவர்கள் முன்னால் பேசவும் கணக்குப் போடவும் வைத்துப் பதற்றமடையச் செய்தார்கள். பிறகு சிலரை அவர்களுடைய தாய் நேரில் அணைத்து ஆறுதல் சொன்னார். சிலரிடம் தாய் தொலைபேசியில் மட்டும் பேசினார். இரண்டு குழுவினரிடமும் ஆக்சிடோசின் உயர்ந்தது, மன அழுத்தச் சுரப்பு விரைவாகத் தணிந்தது என்று 2010-இல் வெளியான முதல் ஆய்வு கூறியது. 2012-இல் அதே குழு, தாயும் மகளும் குறுஞ்செய்தி வழியாக மட்டும் உரையாடும் நிலையையும் சேர்த்து ஆராய்ந்தது. குறுஞ்செய்தி பெற்ற சிறுமிகளின் உடல்நிலை, தாயோடு எந்தத் தொடர்பும் இல்லாதிருந்த சிறுமிகளின் நிலையையே ஒத்திருந்தது. சொன்ன சொற்கள் ஆறுதலானவையாக இருந்தும், குரல் இல்லாததால் அவை உடலைச் சென்றடையவில்லை. எனவே கருவியைக் குறை சொல்வதில் பொருளில்லை. அதே கருவியில் பத்து நிமிடம் பேசுவதும், நாள் முழுவதும் பூங்கொத்துப் படங்களை அனுப்பிக்கொண்டிருப்பதும் உடலுக்கு வெவ்வேறு செயல்கள்.

இவையெல்லாம் நலத்தோடு எவ்வளவு தொடர்புடையவை என்பதற்கு மிகப் பரவலாக எடுத்துக்காட்டப்படும் சான்று, ஜூலியான் ஹோல்ட் லன்ஸ்டாட் குழுவினர் 2010-இல் வெளியிட்ட தொகுப்பாய்வு. 148 ஆய்வுகளையும் மூன்று லட்சத்துக்கும் மேற்பட்ட மனிதர்களையும் ஒன்றாக வைத்துப் பார்த்தபோது, வலுவான சமூக உறவுகள் உடையவர்கள் ஆய்வுக் காலத்தில் உயிரோடு இருக்கும் வாய்ப்பு 50 சதவீதம் அதிகமாக இருந்தது. உலக சுகாதார நிறுவனம் 2023-இல் சமூகத் தொடர்புக்கென்று ஓர் ஆணையத்தையே அமைத்தது. உலகில் ஆறு பேரில் ஒருவர் தனிமையால் பாதிக்கப்படுகிறார் என்று 2025-இல் அந்த ஆணையத்தின் அறிக்கை மதிப்பிட்டது. இத்தகைய கணக்குகளை வாசிக்கும்போது ஓர் எச்சரிக்கை தேவை. நோயுற்றவர் வெளியே செல்வது குறைவதால் உறவுகளும் குறையலாம். எனவே எது காரணம், எது விளைவு என்று எப்போதும் பிரித்துச் சொல்ல முடியாது. பபூன்களின் பதிவுகள் எனக்கு முக்கியமாகத் தோன்றுவது இதனால்தான். புகைப்பழக்கமோ வருமான வேறுபாடோ மருத்துவமனை வசதியோ இல்லாத ஒரு விலங்கிடமும் அதே தொடர்பு காணப்படும்போது, மனிதத் தரவுகளின் மீதுள்ள நம்பிக்கை கூடுகிறது.

அறுந்த உறவுகளையும் வளராத உறவுகளையும் பின்னாளில் கட்டிக்கொள்ள முடியுமா என்பதற்கும் குரங்குகளிடம் ஒரு விடை இருக்கிறது. போர்ட்டோ ரிக்கோவை ஒட்டிய கயோ சாண்டியாகோ என்ற சிறு தீவில் வாழும் ரீசஸ் குரங்குகளின் வாழ்விடத்தை 2017 செப்டம்பரில் மரியா புயல் சிதைத்தது. நிழல் தந்த மரங்களில் பெரும்பகுதி அழிந்தது. சண்டைக்குப் பெயர்போன அந்தக் குரங்குகள் புயலுக்குப் பிறகு ஒன்றையொன்று அதிகமாகச் சகித்துக்கொண்டன, புதிய துணைகளைத் தேடிக்கொண்டன. அவற்றுள் முன்பு தனித்திருந்தவையே அதிகமான புதிய உறவுகளைச் சேர்த்துக்கொண்டன.

மனிதர்களுக்கு அதற்கு எவ்வளவு நேரம் ஆகும் என்பதையும் கணக்கிட்டிருக்கிறார்கள். அமெரிக்காவின் கன்சாஸ் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஜெஃப்ரி ஹால், புதிய ஊருக்குக் குடிபெயர்ந்தவர்களையும் கல்லூரியில் புதிதாகச் சேர்ந்தவர்களையும் ஆராய்ந்தார். அறிமுகமானவர் ஓரளவு நண்பராக ஏறத்தாழ 50 மணி நேரமும், நண்பராக 90 மணி நேரமும், நெருங்கிய நண்பராக 200 மணி நேரத்துக்கு மேலும் ஒன்றாகச் செலவிட வேண்டியிருந்தது. வேலையிடத்தில் அருகருகே அமர்ந்திருந்த நேரம் இதில் அவ்வளவாக உதவவில்லை. சேர்ந்து பேசியும் சிரித்தும் சும்மா பொழுதைக் கழித்தும் போன நேரமே உறவை நெருக்கமாக்கியது. ஒரு நாளைக்கு அரை மணி நேரம் என்று வைத்துக்கொண்டாலும், 200 மணி நேரம் சேர ஓராண்டுக்கு மேல் ஆகும்.